அழைத்துச் செல்பவர் – 2

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. தன்விகா இரண்டாம் வகுப்பு. புது ஷூ கடிக்கிறது என்று காலையிலேயே அழுகை. குதிகாலில் பஞ்சு வைத்து அனுப்பினேன். வேனில் ஏறியதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் கிடைத்துவிட்டது போல.

அந்தப் பள்ளிக்கு எங்கள் ஆபீஸ்தான் சாஃப்ட்வேர் செய்கிறது. அடுத்த திங்களிலிருந்து வேன் பகுதி ஓட வேண்டும். அது முழுக்க என் தலையில். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரெக்கார்டு. பள்ளி ஆபீஸில் அதைத் திறந்தால் திரையில் கட்டங்கள் வரும். பெயர், வகுப்பு, இறங்கும் ஸ்டாப், அழைத்துச் செல்பவர் – 1, அழைத்துச் செல்பவர் – 2. முதல் ஆள் கட்டாயம். இரண்டாவது ஆள் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் விடலாம். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் ஃபோனில் இவர்களின் படமும் பெயரும் தெரியும். அவர்களிடம் மட்டும்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். யாரும் வராவிட்டால் வேன் சுற்று முடிந்து பிள்ளை பள்ளிக்கே திரும்பிவிடும்.

இந்த விதி என்னுடையது. பள்ளி கேட்டது அல்ல. எங்கள் மேனேஜர் கிரிதர் சார் தலையைச் சொறிந்தார்.

“இவ்வளவு கறாரா வேணுமுங்களா சுகந்தி? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போறது இல்லீங்களா?”

“வேணும் சார்” என்றேன். பெற்ற பிள்ளை யார் கையில் போகிறது என்பதில் கறாராக இல்லாமல் வேறு எதில் இருப்பது? அவருக்கு இரண்டு பையன்கள், இருவரும் காலேஜ். அவர் மறந்திருப்பார்.

தன்விகாவின் ரெக்கார்டை நானே நிரப்பினேன். முதல் ஆள் நான். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். அது கட்டாயமில்லை.

ஜூன் 11, புதன்

மாவு புளித்துவிட்டது. சிலிண்டர் இன்றும் வரவில்லை. இன்டக்‌ஷன் அடுப்பில் தோசை ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை.

பள்ளி ஆபீஸ் ருக்மணி அக்கா ஃபோன் செய்தார். எல்லாப் பிள்ளைகளின் ஸ்டாப்பையும் சரிபார்ப்பது அவர் வேலை.

“ஏனுங் சுகந்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூடி மூடித் தெறக்க வேண்டியதா இருக்குதுங். கீழ ‘அடுத்தது’ன்னு ஒரு பட்டன் வெச்சுக் குடுங்க. வரிசை நம்பர்ப்படி தட்டிட்டே போயிருவேன்.”

நியாயமான கோரிக்கை. சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டேன். தன்விகாவின் ரெக்கார்டைத் திறந்து, அடுத்தது தட்டினேன். பெயர் மாறியது, படம் மாறியது, ஸ்டாப் மாறியது. சரியாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இன்று முதல் ஓடுகிறது. மூன்றரைக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பி ஸ்டாப்பில் நின்றேன். மீதி வேலையை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்பது எனக்கும் கிரிதர் சாருக்கும் உள்ள ஒப்பந்தம்.

வேன் வந்தது. பாப்பாத்தி அக்கா, அதுதான் ஆயா, ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

“படத்துல கொஞ்சம் சதப்பிடிப்பா இருக்கீங்க. இப்ப எளச்சுப்போயிட்டீங்களாட்ட இருக்குதுங்.”

“அது பழைய படம்க்கா.”

“சரி, கண்ணும் மூக்கும் அதேதான்” என்று சொல்லித் தன்விகாவைக் கை பிடித்து இறக்கிவிட்டார். நான் எழுதிய ஒன்று என் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்தது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

எதிர் பேக்கரி வாசலில் ஒரு நீல ஹெல்மெட். கோயம்புத்தூரில் நீல ஹெல்மெட்டுக்கா பஞ்சம்.

ஜூன் 19, வியாழன்

பள்ளித் தாளாளருக்கு நாளை வேன் பகுதியை இயக்கிக் காட்ட வேண்டும்.

நடுவில் ருக்மணி அக்கா ஃபோன். “ஒண்ணு ரெண்டு பேருக்கு அந்த ரெண்டாவது பேரு தானா வந்து நிக்கறாப்புல இருக்குதுங். நான் அடிக்கலீங்.”

“போன வருஷ லிஸ்ட்ல இருந்து வந்திருக்கும்க்கா” என்றேன். பார்க்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

தாளாளருக்குப் பிடித்துவிட்டது. தன்விகாவுக்குச் சளி. பார்க்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

இன்றும் நீல ஹெல்மெட். ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

தன்விகாவை அழைத்து வந்து பால் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிரிதர் சார் ஃபோன்.

“சுகந்தி, யூகேஜி பாப்பா ஒண்ணக் காணோமுங்க. வேன் வந்துருச்சு, பாப்பா உள்ள இல்ல. அவங்கம்மா ஸ்டாப்புல நிக்கறாங்க. ஆயா ஃபோன்ல ‘ஒப்படைச்சாச்சு’ன்னு காட்டுதாம். யாருகிட்டன்னு பாத்துச் சொல்லுங்க. பேரு அஸ்மிதா.”

லேப்டாப்பைத் திறக்கிறேன், பாஸ்வேர்டு தப்பாகவே விழுகிறது. இரண்டு முறை, மூன்று முறை. அஸ்மிதா, அஸ்மிதா என்று நானே முனகியிருப்பேன் போல. தன்விகா பால் டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

“அஸ்மிதா அஷ்வந்தோட மாமாகூட போய்ட்டாளே.”

“யாரு? எப்ப?”

“நம்ம ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்புல. ரெண்டு பேரும் எறங்குனாங்க. அவ அழுதா. அப்புறம் மாமா ரஸ்க் வாங்கித் தரேன்னாங்க, போய்ட்டா.”

சொன்னேன். ஆட்கள் ஓடினார்கள், கிரிதர் சாரும் கூட. அஷ்வந்த் வீட்டு ஹாலில் ரஸ்க் தின்றபடி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த மாமா லோகநாதன் பாவம், பயந்து போய் என்னிடமே ஃபோனில் பேசினார்.

“அந்தக்கா ஃபோன்ல என் படத்தக் காமிச்சு, ரெண்டு பிள்ளைக்கும் நீங்கதானுங்கன்னாங்க. அவங்கம்மாவுக்கு என்னமோ அவசரமாட்ட இருக்குது, பள்ளிக்கூடத்துல எம்பேரக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேனுங். புள்ளயத் திருடவா போறேன்?”

நல்ல மனிதர். நல்லவேளை, நல்ல மனிதராக இருந்தார். இதை இரண்டு முறை எழுதியிருக்கிறேன், அழிக்க மாட்டேன்.

அஸ்மிதாவின் அம்மாவிடமும் கிரிதர் சார் ஃபோனைக் கொடுத்தார், நான் ஏதாவது ஆறுதல் சொல்வேன் என்று. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அஷ்வந்த், அஸ்மிதா. வரிசையில் அடுத்தடுத்த பெயர்கள். ருக்மணி அக்கா அவசரத்தில் மாற்றி அடித்திருப்பார். கிரிதர் சாரிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

ருக்மணி அக்கா மாற்றி அடிக்கவில்லை.

அவர் செய்கிற மாதிரியே செய்து பார்த்தேன். அஷ்வந்தைத் திறந்தேன். இரண்டாவது கட்டத்தில் லோகநாதன். ‘அடுத்தது’ தட்டினேன். அஸ்மிதா வந்தாள். பெயர், படம், ஸ்டாப் எல்லாம் அவளுடையது. இரண்டாவது கட்டத்தில் லோகநாதன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு கட்டத்தை ரெக்கார்டோடு கட்டிவைப்பது எங்கள் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற வேலை. ரெக்கார்டில் பெயர் இருந்தால் எடுத்துக் கட்டத்தில் போடு என்று எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. காலி என்றால் கட்டத்தைத் துடைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? அது முந்தைய பெயரைத் தொடாமல் விட்டுவிட்டது. ருக்மணி அக்கா ஸ்டாப்பை மட்டும் திருத்தி ‘சேவ்’ தட்டியதும், திரையில் தெரிந்ததெல்லாம் அடுத்த பிள்ளையின் ரெக்கார்டுக்குள் போய்விட்டது.

நான் சோதித்தபோது ஏன் தெரியவில்லை என்று மதியம் முழுக்க யோசித்தேன். நான் சோதித்தது தன்விகாவின் ரெக்கார்டை வைத்து. அவளுக்கு இரண்டாவது கட்டம் காலி. அதிலிருந்து அடுத்த பிள்ளைக்குப் போக எதுவுமே இல்லை.

சரிசெய்ய ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது. அந்த வரியை எழுதிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 26, வியாழன்

கிரிதர் சாரிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நேத்து ருக்மணியம்மாவ தாளாளர் முன்னாடி நிக்க வெச்சுட்டாங்க சுகந்தி. நான்தான் சொன்னேன், டைப்பிங் மிஸ்டேக்குன்னு.”

நேராகப் பள்ளிக்குப் போனோம். தாளாளரிடம் சொன்னார், நானும் சொன்னேன். பிறகு ருக்மணி அக்காவிடம் போனேன். அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் அன்னிக்கே சொன்னனுங்களே.”

“சொன்னீங்கக்கா. நான் கேக்கல.”

“சரி, உக்காருங்க. நின்னுட்டு இருந்தா ஆயிருமா?”

இன்னொரு தலைவலி. ப்ரோகிராம் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே உள்ளே போன பெயர்களில் எது பெற்றோர் கொடுத்தது, எது பக்கத்துப் பிள்ளையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று என்னால் பிரிக்க முடியாது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு ஒரே மாமா இருக்கலாம். அக்கம்பக்கத்தார் பேசிவைத்து ஒரே ஆளைப் போட்டிருக்கலாம். வீட்டுக்கு வீடு ஃபோன் செய்து கேட்க வேண்டும், இந்தப் பெயர் உங்களுடையதா என்று. ருக்மணி அக்காவும் நானும் பாதிப் பாதி.

முடியும்வரை சந்தேகமானது எதுவும் ஆயா ஃபோனில் தெரியாதபடி மறைத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

சரிபார்ப்பில் இன்று இரண்டாம் வகுப்புக்கு வந்தேன். தன்விகாவைத் தாண்டிப் போயிருப்பேன், அவளுக்குத்தான் காலியாயிற்றே. கைப் பழக்கத்தில் திறந்துவிட்டேன்.

அழைத்துச் செல்பவர் – 2: தாமோதரன். உறவு: அப்பா.

அவள் அப்பா பெயர். ஆனாலும் என் பிழைதான், வேறு யாருடைய தாமோதரனோ ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவளுக்கு முந்தைய வரிசையில் தனுஷ்யா. அவளுக்கு இரண்டாவது ஆள் பெரியம்மா. பள்ளி முழுக்கத் தேடினேன். தாமோதரன் என்று வேறு யாருமில்லை. எண்ணைப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை, எனக்கு அது மனப்பாடம்.

கட்டத்தைத் துடைத்து சேவ் செய்தேன். அது என் உரிமை. எங்களுக்குள் கோர்ட், கேஸ் எதுவும் கிடையாது. தனித்தனியாக இருக்கிறோம், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பிள்ளையைப் பார்ப்பார், நானும் கூட இருப்பேன். அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்லை. மறப்பவர். போன ஐப்பசியில் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவர வேண்டியவர், சிநேகிதன் கடையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் குடைக்குள் முழுக்க நனைந்து நின்றாள். ‘அம்மா, அப்பா வர்ற வழியில மழை’ என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். இருமல் போகப் பத்து நாளானது. நான் அந்த வீட்டை விட்டு வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

அவர் பள்ளிக்கு வந்து கேட்டிருப்பார். கேட்டவுடன் போட்டுவிட்டார்களா? விசாரிக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

துணி துவைத்தேன். சிலிண்டர் வந்தது. அவருக்கு ஃபோன் செய்து கேட்டுவிடலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

எந்த ரெக்கார்டை யார் திருத்தினாலும் பெயர் பதிவாகும்படி நானே செய்துவைத்திருக்கிறேன். தன்விகாவின் ரெக்கார்டைத் திருத்தியது அவள் வகுப்பு டீச்சர். போய்க் கேட்டேன்.

“அவங்கப்பா இங்க வரவே இல்லீங்க மேடம். பாப்பாதான் சொல்லுச்சு. ரெண்டாவது ஆள் இல்லாத குழந்தைங்களக் கூப்ட்டு, அம்மா வர முடியலீன்னா யாரு வருவாங்கன்னு கேட்டேன். எங்கப்பான்னு சொல்லி, நம்பரும் கடகடன்னு சொல்லுச்சு. போட்டோ அட்மிஷன் ஃபைல்ல இருந்துச்சு. ஏனுங்க, தப்பா போட்டுட்டேனுங்களா?”

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“டீச்சர்கிட்ட அப்பா பேரு சொன்னியா?”

“ம்.”

“எதுக்கு?”

“டீச்சர் கேட்டாங்க. அம்மா வரலைன்னா யாருன்னு.”

“அம்மாதான் டெய்லி வர்றேன்ல?”

“வர்றே” என்றாள், ரப்பரால் ஏதோ அழித்துக்கொண்டே. அதில் சந்தேகமோ குறையோ எதுவும் இல்லை. டீச்சர் ஒன்று கேட்டார், அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் என்னை என்னவோ செய்கிறது.

ஆனாலும் கட்டம் காலியாகவே இருக்கட்டும். நான் தினமும் போகிறேன்.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியத்திலிருந்து பள்ளி ஆபீஸில் ருக்மணி அக்காவோடு ஃபோன் வேலை. கடைசிக் கொஞ்சம் வீடுகள்தான் பாக்கி. பள்ளி ஃபோனில் பேசிக்கொண்டிருந்ததால் என் ஃபோன் பைக்குள் கிடந்தது. ஒரு அப்பா பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவன் பெயர் என் மகனுக்கு எப்படி வந்தது, நீங்கள் எல்லாம் பிள்ளை பெற்றவர்களா என்று கேட்டார். பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வளர்ந்தது. அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னேன், ஏனென்றால் எல்லாம் சரி.

ஃபோனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் ஒரு வேன் கேட்டுக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“ஏதோ ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போக யாரும் வரலையாட்ட இருக்குது” என்றார் ருக்மணி அக்கா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்ன ஜென்மங்களோ. பிள்ளை வர்ற நேரம்கூடத் தெரியாதா இவங்களுக்கு?” இதைச் சொன்னது நான்தான். ருக்மணி அக்கா கேட்டார்.

வேன் கதவு திறந்தது. தன்விகா இறங்கினாள்.

எழுந்து ஓடினேனா நடந்தேனா தெரியவில்லை. மணி நாலரையைத் தாண்டியிருந்தது. பாப்பாத்தி அக்கா என்னைக் கண்டதும் படபடவென்று சொன்னார்.

“நீங்க வரலீங்க. ஃபோன் போட்டேன், எடுக்கலீங்க. எதுத்த பேக்கரியில இருந்து அவங்கப்பா ஓடியாந்தாருங். எம் பொண்ணுதாங்க்கா, எங்கிட்டக் குடுங்கன்னாரு. பாப்பாவும் அப்பா அப்பான்னு கையை நீட்டுச்சு. ஆனா ஃபோன்ல அவரு இல்லீங்களே. அன்னிக்கு அந்தப் பாப்பாவுக்கு ஆனதுக்கப்புறம் நான் யாரை நம்பிங்க குடுக்கறது? முடியாதுங்கன்னுட்டேன். ரெண்டு பேரும் அழுதுட்டாங்க.”

“நீங்க செஞ்சது சரிதான்க்கா” என்றேன். சரிதான். விதி சரியாக வேலை செய்தது, ஃபோன் சரியாகக் காட்டியது, கட்டம் நான் விட்ட மாதிரியே காலியாக இருந்தது. இத்தனை நாளில் பிழையே இல்லாமல் ஓடியது இன்றுதான்.

கேட்டுக்கு வெளியே பைக் நின்றது. வேன் பின்னாலேயே வந்திருக்கிறார். வாட்ச்மேன் விடவில்லை, அவரும் சண்டை போடவில்லை. நீல ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்பி வழியாக உள்ளே பார்த்தபடி நின்றார். தினமும் அந்தப் பேக்கரியில் நின்றது பிள்ளை இறங்குவதைப் பார்க்கத்தான். எனக்கு முதல் நாளே தெரியும்.

தன்விகாவை ருக்மணி அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கன்னம் காய்ந்து கோடாக இருந்தது.

“டீச்சர் டைப் பண்ணாங்கம்மா. நான் பாத்தேன். அப்பா போட்டோகூட வந்துச்சு. கம்ப்யூட்டர் மறந்துடுச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் மேல் எத்தனையோ பழி போட்டாகிவிட்டது, இன்னொன்றைத் தாங்கும்.

“இல்ல. அம்மாதான் அழிச்சேன்.”

ருக்மணி அக்கா எழுந்து, எங்களைத் தாண்டி வெளியே போய், வாட்ச்மேனிடம் ஏதோ சொல்வது தெரிந்தது.

நாற்காலியை நகர்த்தி அவள் ரெக்கார்டைத் திறந்தேன். இரண்டாவது கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அப்பா பெயரை அடித்தேன்.

“நம்பர் சொல்லு” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த எண்தான். அவள் சொல்லட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து அடித்தேன். சேவ் தட்டினேன். பிறகு, பயம் விட்டால்தானே, ‘அடுத்தது’ தட்டிப் பார்த்தேன். அடுத்த பிள்ளைக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

ஜூலை 3, வியாழன்

மூன்றரைக்கே கிளம்பி ஸ்டாப்பில் நின்றேன். பேக்கரி வாசலில் அவர். இன்றைக்கும் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். பிறகு நானே குரல் கொடுத்தேன், வேன் இந்தப் பக்கம்தான் நிற்கும், இங்கே வந்து நில்லுங்கள் என்று.